குதிரைகளுக்காக ஒரு குதிரைச் சவாரி: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் சென்ற இதழில் ஒரு யோசனை கேட்டிருந்தார். அவருடைய ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து காட்டுப் பாதையில் ஒரு நாள் குதிரைச் சவாரி நடத்தி, அதில் திரளும் பணத்தைக் கைவிடப்பட்ட குதிரைகளைப் பராமரிக்கும் மீட்பு இல்லம் ஒன்றுக்குக் கொடுக்க விரும்புகிறார்கள். இடமின்மையால் அவருக்கு நான் சுருக்கமாகவே எழுத முடிந்தது. அதைப் படித்த வாசகர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் விரிவாகக் கேள்விகள் அனுப்பியிருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, அமெரிக்கா வசதி நிறைந்த நாடு. அங்கே குதிரைகள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? அவற்றை யாரிடமிருந்து மீட்கிறார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஐயா, குதிரை நீண்ட ஆயுள் கொண்ட விலங்கு. நல்ல பராமரிப்பில் 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். அதை வாங்கியவரின் வாழ்க்கை அத்தனை காலமும் ஒரே சீராக இருப்பதில்லை. வேலை போகிறது, மணமுறிவு நேர்கிறது, சவாரி செய்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள், வளர்த்தவருக்கே முதுமை வந்து குனிந்து குளம்பைத் தூக்க முடியாமல் போகிறது. இவற்றோடு பஞ்சமும் சேர்ந்தால் நிலைமை வேகமாகக் கெடுகிறது. 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் நாடெங்கும் இது நடந்தது. 2011-இல் டெக்சாஸில் கடும் வறட்சி வந்தபோது மேய்ச்சல் நிலங்கள் கருகின. உலர்புல்லை வெகு தொலைவிலிருந்து லாரிகளில் ஏற்றிவர வேண்டியிருந்ததால் அதன் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பலர் குதிரைகளை வந்த விலைக்கு விற்றார்கள், சிலர் அவிழ்த்து விட்டுவிட்டார்கள்.

விற்ற குதிரை எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. வாராந்தர ஏலச் சந்தைகளில் சவாரிக்கு வாங்குபவர்களோடு இறைச்சிக்கு வாங்கும் வியாபாரிகளும் நிற்கிறார்கள். அமெரிக்காவில் குதிரை இறைச்சிக்கூடங்களாகக் கடைசியில் எஞ்சியிருந்தவை மூன்று: டெக்சாஸில் இரண்டு, இல்லினாய் மாநிலத்தில் ஒன்று. மூன்றும் 2007-இல் சட்டத்தின் வழியே மூடப்பட்டன. ஆனால் ஏற்றுமதியைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் வரவில்லை. ஆகவே குதிரைகள் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் லாரியில் போயின. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் போன காலம் உண்டு. பின்னர் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தாலும் முற்றிலும் நிற்கவில்லை. மீட்பு இல்லங்களுக்கு வரும் குதிரைகளில் ஒரு பகுதி இந்த ஏலங்களிலிருந்து வருபவை. மற்றொரு பகுதி, பட்டினி போட்ட குற்றத்துக்காகக் காவல் துறையினர் உரிமையாளரிடமிருந்து கைப்பற்றி ஒப்படைப்பவை. இனித் தம்மால் முடியாது என்று உணர்ந்த உரிமையாளர்களே கொண்டுவந்து விடுபவையும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: நாங்கள் நடத்தவிருக்கும் சவாரிக்கு நாற்பது குதிரைகள் வரை வரக்கூடும். முதல் முறை என்பதால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. எதையெல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்?
— சென்ற இதழின் அதே வாசகி, டெக்சாஸ்

பதில்: முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் ஊரில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது வெயில்தான். அமெரிக்காவின் நெடுந்தூரக் குதிரையோட்டக்காரர்கள் பின்பற்றும் எளிய கணக்கு ஒன்று உண்டு. வெப்பத்தைப் பாரன்ஹீட்டில் எடுத்துக்கொண்டு, அதனுடன் காற்றின் ஈரப்பத விழுக்காட்டைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 130-க்குக் கீழே இருந்தால் குதிரையின் உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். 150-ஐத் தாண்டினால், குறிப்பாக ஈரப்பதமும் மிகுந்திருந்தால், வியர்வை உலராமல் உடல் சூடேறத் தொடங்கும். 180 என்றால் சவாரியையே கைவிட வேண்டும். 90 பாரன்ஹீட்டும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்த ஒரு சாதாரணக் கோடைக் காலை 160-ஐத் தொட்டுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே மார்ச் மாதமோ, அக்டோபர் இறுதிக்குப் பிறகோ வைத்துக்கொள்வது நல்லது. எந்த மாதமானாலும் அன்று காலை இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சேணம் பூட்ட வேண்டும். பணம் கட்டியவர்கள் வந்துவிட்டார்கள் என்பது சவாரியை நடத்துவதற்குப் போதிய காரணமாகாது.

தூரத்தைப் பொறுத்தவரை ஆசை வேண்டாம். குதிரை நடையாகச் சென்றால் மணிக்கு ஆறு கிலோமீட்டர் அளவில் கடக்கும். வார நாள்களில் கொட்டிலிலேயே நின்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் குதிரைகள்தான் இத்தகைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் கலந்துகொள்கின்றன. அவற்றுக்குப் பத்து முதல் பதினைந்து கிலோமீட்டர் தாராளம். பழகிய குதிரைகளுக்கென்று தனியே நீண்ட பாதை ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். பாதையை ஒரு வாரம் முன்னும், முந்தின நாளும் குதிரைமேலேயே ஒருவர் போய்ப் பார்த்துவர வேண்டும். நடந்து பார்ப்பவருக்குத் தலைக்கு மேலே தாழ்ந்து நிற்கும் கிளை கண்ணில் படுவதில்லை.

வரும் ஒவ்வொரு குதிரைக்கும் காகின்ஸ் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் லெராய் காகின்ஸ் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய இந்த இரத்தப் பரிசோதனை, குதிரைகளின் தொற்று இரத்தசோகையைக் கண்டறிகிறது. குதிரை ஈக்கள் கடித்துப் பரப்பும் அந்த நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. தொற்றிய குதிரை உயிரோடு இருக்கும்வரை நோயைச் சுமந்துகொண்டே இருக்கும். நோயில்லை என்று கடந்த 12 மாதங்களுக்குள் பெற்ற சான்று இல்லாத குதிரையை, அதன் உரிமையாளர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், வண்டியிலிருந்து இறக்க விடாதீர்கள். தண்ணீர்த் தொட்டியில் எல்லாக் குதிரைகளும் வாய் வைப்பதையும் அனுமதிக்க வேண்டாம். அவரவர் வாளியை அவரவர் கொண்டுவரட்டும். 2011-இல் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் நடந்த ஒரு குதிரைப் போட்டியிலிருந்து குதிரை ஹெர்ப்பிஸ் வைரஸ் பல மேற்கு மாநிலங்களுக்குப் பரவியது. ஒரே இடத்தில் கூடிக் கலைந்த குதிரைகளே அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின.

சவாரி செய்பவர்களை வேகத்தின்படி சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் முன்னே ஒருவரும் கடைசியில் ஒருவருமாக அனுபவசாலிகளை நிறுத்துங்கள். வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் அந்தக் குதிரை உதைக்கும் என்று பொருள். பச்சை நாடா கட்டியிருந்தால் அது இளங்குதிரை அல்லது பழக்கமில்லாத குதிரை. இதைப் புறப்படும் முன் எல்லோருக்கும் உரக்கச் சொல்லுங்கள், குழந்தைகளுக்குத் தனியே சொல்லுங்கள். தலைக்கவசம் எல்லோருக்கும் கட்டாயம் என்று விண்ணப்பத்திலேயே அச்சிட்டுவிட்டால் காலையில் வாக்குவாதம் எழாது. டெக்சாஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில், குதிரை நிகழ்ச்சியின் இயல்பான அபாயங்களுக்கு நடத்துபவரைப் பொறுப்பாக்கக் கூடாது என்று சட்டம் உள்ளது. அதன் பாதுகாப்பைப் பெற எச்சரிக்கைப் பலகை, கையொப்பமிட்ட படிவம் முதலியவை வேண்டியிருப்பதால் ஒரு வழக்கறிஞரிடம் படிவத்தைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீடும் எடுங்கள்.

கேள்வி: துன்புற்ற குதிரைகளுக்கு உதவுவதற்காக வேறு குதிரைகளின் முதுகில் ஏறிப் போவது முரண்பாடாக இல்லையா? நான் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே என் மனம் ஒப்பவில்லை.
— கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: நியாயமான கேள்வி. என் கருத்தில் சவாரியே கொடுமை ஆகாது. நன்றாக உண்டு, நோயற்று, தன் முதுகுக்குப் பொருந்திய சேணத்தோடு, அளவான பாரம் சுமந்து காட்டு வழியே நடக்கும் குதிரை காதுகளை முன்னே நீட்டிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டே போகும்; அந்த நடை அதன் குடலுக்கும் குளம்புக்கும் நல்லது. ஆனால் நீங்கள் ஐயப்படும் அந்த முரண்பாடு எத்தனையோ நிகழ்ச்சிகளில் உண்மையாகவே நேர்கிறது. மீட்பு இல்லத்துக்காக நடக்கும் சவாரியில் ஒரு குதிரை நொண்டிக்கொண்டு திரும்பினாலும், அன்று திரண்ட பணம் எவ்வளவாக இருந்தாலும், அந்த நாள் கெட்டுவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

அளவான பாரம் என்றால் எவ்வளவு என்பதற்கு ஆராய்ச்சி இருக்கிறது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் எட்டுக் குதிரைகள்மேல் அவற்றின் உடல் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு பாரங்களை ஏற்றிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 25 விழுக்காட்டிலும் 30 விழுக்காட்டிலும் இதயத் துடிப்பும் தசை வலியும் தெளிவாகக் கூடின. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற பழைய வழக்குக்கு அது ஆதரவாக அமைந்தது. 450 கிலோ குதிரைக்கு அந்த எல்லை 90 கிலோ. மேற்கத்தியச் சேணம் ஒன்றே 15 கிலோ எடை இருக்கக்கூடும் என்பதை நினைத்தால், நன்கு வளர்ந்த ஆண்கள் பலருக்கு அந்தக் குதிரை ஏற்றதாகாது. இதை விண்ணப்பப் படிவத்தில் எழுத அமைப்பாளர்கள் கூச்சப்படுகிறார்கள். குதிரையால் வாய்திறந்து சொல்ல முடியாததை அவர்கள்தாம் எழுத வேண்டும்.

பாதையின் நடுவிலும் முடிவிலும் கால்நடை மருத்துவர் ஒருவர் நிற்க வேண்டும். ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். உழைத்து வந்தபின் அது உயர்ந்திருப்பது இயல்புதான். ஆனால் நிறுத்திய சிறிது நேரத்தில் இறங்கிவிட வேண்டும். நெடுந்தூரப் போட்டிகளில் அரை மணி நேரத்துக்குள் 64-க்கு இறங்காத குதிரையை மேலே போக விடுவதில்லை. நாடியோடு ஈறுகளை விரலால் அழுத்திவிட்டு நிறம் எத்தனை நொடியில் திரும்புகிறது என்று பார்ப்பதும், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டு நீரிழப்பைக் கணிப்பதும், விலாப்பக்கம் காது வைத்துக் குடல் ஓசையைக் கேட்பதும், கடைசியாகக் கையில் பிடித்து ஓட்டிக் கால்களின் சீரைப் பார்ப்பதும் சேர்ந்தால் ஒரு குதிரைக்குச் சில நிமிடங்களே ஆகும். சூடேறிய குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிற்றுவலி வரும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது தவறு, தண்ணீர் குடிக்கட்டும், உடம்பின்மேலும் தாராளமாக ஊற்றிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: மீட்கப்பட்ட குதிரைகளே அந்த ஊர்வலத்தில் வந்தால் பார்ப்பவர்கள் இன்னும் நிறையப் பணம் கொடுப்பார்கள் அல்லவா?
— எட்டாம் வகுப்பு மாணவி, டாலஸ்

பதில்: உடல் தேறி, பயிற்சி முடிந்து, புதிய வீடு கண்டுவிட்ட குதிரை என்றால் அழைத்து வரலாம் கண்ணே, அதைப் பார்ப்பதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அண்மையில் மீட்ட குதிரையைக் கொண்டுவரக் கூடாது. அதற்குத் தொற்று இருக்கக்கூடும் என்பதால் முதல் சில வாரங்கள் மற்றக் குதிரைகளிடமிருந்து பிரித்தே வைத்திருப்பார்கள். சில குதிரைகள் வாழ்நாள் முழுவதும் சவாரிக்குத் திரும்புவதே இல்லை. அவற்றின் படங்களைப் பெரிதாக அச்சிட்டு உணவு பரிமாறும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றின் கதையையும் நீங்களே உங்கள் கையெழுத்தில் எழுதலாம்.

கேள்வி: ஒரு குதிரையை ஏலத்தில் சில நூறு டாலருக்கு வாங்கிவிடலாம் என்கிறார்கள். அப்படியிருக்க இந்த இல்லங்கள் ஏன் எப்போதும் பணம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன?
— வாசகர், ஹூஸ்டன்

பதில்: வாங்குவதுதான் செலவில் மிகச் சிறிய பங்கு. இந்த உண்மை தெரியாததால்தான் கொடுக்கும் மனமுள்ளவர்கள் பலரும் மீட்பு நாளன்று கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

எலும்பும் தோலுமாக ஒரு குதிரை வந்திறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் அதன் உடல்நிலைக்கு மதிப்பெண் போடுவார். டான் ஹென்னகி என்பவர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1983-இல் வகுத்த அளவுகோல் அது: கழுத்து, முதுகின் முன்முகடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வாலின் அடி ஆகிய ஆறு இடங்களில் கொழுப்பைக் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் 1 முதல் 9 வரை எண் கொடுப்பார்கள். 5 என்றால் நலமான குதிரை. மீட்பு இல்லங்களுக்கு 1 என்றும் 2 என்றும் வருகின்றன. நீதிமன்றத்தில் உரிமையாளர்மீது வழக்கு நடக்கும்போது இந்த எண்ணே சான்றாக நிற்கிறது.

அந்தக் குதிரையைக் கண்டதும் இரக்கமுள்ளவர் செய்யும் முதல் காரியம் ஒரு வாளி நிறையத் தானியம் வைப்பது. அதுவே அதைக் கொன்றுவிடலாம். பட்டினியில் உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பிழைத்துக் கிடக்கிறது. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் பெருகி, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. சில நாள்களில் இதயமும் மூச்சும் தளர்ந்து, பிழைத்துவிட்டது என்று நினைத்த குதிரை சாய்ந்துவிடும். பல நாள் பட்டினி கிடந்தவருக்குக் கஞ்சித் தண்ணீரில் தொடங்குவதுபோல இதற்கும் ஒரு முறை உண்டு. கலிபோர்னியாவில் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தினர் பட்டினிக் குதிரைகளுக்கு ஓட்ஸ் பயிரின் உலர்புல், கலவைத் தீவனம், அல்ஃபால்ஃபா ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்து, மூன்றிலும் அல்ஃபால்ஃபா உலர்புல்லே பாதுகாப்பானது என்று கண்டார்கள். நம் ஊரில் நாம் குதிரைமசால் என்று அழைக்கும் பயிர்தான் அது. மாவுச்சத்து குறைவு, புரதமும் மேற்சொன்ன உப்புகளும் அதிகம். அதை அரைக் கிலோ அளவில், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவும் பகலும் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் ஒருவர், விடியற்காலை நான்கு மணிக்கு ஒருவர் எழுந்து போக வேண்டும். பத்து நாள்களில் அளவை மெல்ல உயர்த்துகிறார்கள். நல்ல எடைக்கு வரப் பல மாதங்கள் ஆகின்றன.

அதன்பின் தொடங்குவது வழக்கமான செலவு. குதிரை தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு உலர்புல்லை நாள்தோறும் தின்னும். 450 கிலோ குதிரைக்கு ஒன்பது கிலோ என்று வைத்தால், பத்துக் குதிரைகள் உள்ள சிறிய இல்லத்துக்கே மாதம் 2.7 டன் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வந்து குளம்புகளைச் சீவ வேண்டும். கைவிடப்பட்ட குதிரைகளின் குளம்புகள் வளைந்து சுருண்டு வந்திருந்தால் அவற்றை நேராக்க ஓராண்டுகூட ஆகலாம். பற்கள் ஓயாமல் முளைத்து விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிப்பதால் ஆண்டுக்கொரு முறை ராவ வேண்டும். குடற்புழு மருந்து, டெட்டனஸ், வெறிநோய், மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் இருக்கின்றன. நடுவில் ஒரு குதிரைக்குக் குடல் முறுக்கிக்கொண்டு அறுவைச் சிகிச்சை என்று வந்தால், ஒரு சவாரியில் திரண்ட முழுத் தொகையும் ஒரே இரவில் தீர்ந்துவிடும்.

ஆகவே சவாரி நடத்துபவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். அன்று வசூலாகும் தொகையை மட்டும் எண்ணாதீர்கள். வருபவர்களில் எத்தனை பேர் மாதந்தோறும் ஒரு குதிரையின் உலர்புல்லுக்குப் பொறுப்பேற்றார்கள் என்பதையும் எண்ணுங்கள். பிப்ரவரி மாதத்தில் புல்வெளியில் ஒன்றுமில்லாதபோது இல்லத்தைக் காப்பாற்றுவது அந்த மாதப் பணம்தான்.

கேள்வி: இணையத்தில் குதிரையின் படத்தைப் போட்டு, "வெள்ளிக்கிழமைக்குள் இத்தனை டாலர் சேராவிட்டால் இது இறைச்சிக்கூடத்துக்குப் போய்விடும்" என்று அறிவிக்கிறார்கள். மனம் பதறுகிறது. சவாரியில் சேரும் பணத்தை இப்படிப்பட்ட குதிரைகளை விடுவிக்கக் கொடுக்கலாமா?
— வாசகி, அட்லாண்டா

பதில்: கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. படத்திலிருக்கும் குதிரை உண்மையான குதிரை, அதன் கண்களும் உண்மைதான். ஆனால் அங்கே கேட்கப்படும் தொகை பெரும்பாலும் இறைச்சி விலையைவிட மிகக் கூடுதல். அந்தப் பணம் போய்ச் சேருவது வியாபாரியிடம். அதைக் கொண்டு அவர் அடுத்த ஏலத்தில் மேலும் குதிரைகளை வாங்குகிறார். இறைச்சிக்கூடத்துக்கு ஒப்புக்கொண்ட எண்ணிக்கையையும் வேறு குதிரைகளால் நிரப்பிக்கொள்கிறார். இரக்கம் அங்கே ஒரு வரும்படியாகிவிட்டது. அப்படி வாங்கிய குதிரை நோய்த்தொற்றோடு வருவதும், பிரித்து வைக்க இடமில்லாத வீட்டுக் கொட்டிலுக்குப் போய்ச் சேருவதும், சில மாதங்களில் அதே ஏலத்துக்குத் திரும்புவதும் உண்டு.

அதே பணத்தால் செய்யக்கூடிய நல்ல காரியங்கள் இருக்கின்றன. குதிரை ஏலத்துக்குப் போவதற்கு முன்பே அதன் உரிமையாளருக்கு உதவுவது அவற்றில் முதன்மையானது. வேலை இழந்த குடும்பத்துக்கு மூன்று மாத உலர்புல் கொடுத்தால் அந்தக் குதிரை தன் வீட்டிலேயே இருந்துவிடும். ஆண் குதிரைகளைக் காயடிப்பதற்குக் குறைந்த செலவில் முகாம் நடத்தினால் வேண்டாத குட்டிகள் பிறப்பது குறையும். அமெரிக்காவில் 'ஆபரேஷன் கெல்டிங்' என்ற திட்டம் 2010 முதல் இதற்கு நிதி உதவி செய்து வருகிறது. இவற்றுக்கெல்லாம் கண்ணீர் வரவழைக்கும் படம் கிடைக்காது என்பதால் நன்கொடை திரட்டுவது கடினம். அதனால்தான் ஒரு சவாரியின் வசூலிலிருந்து ஒரு பகுதியை இதற்கென்று முன்கூட்டியே ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன்.

கேள்வி: இல்லம் நம்பத்தக்கதா என்று எப்படி அறிவது? கொடுத்த பணத்துக்கு வரிவிலக்கு உண்டா?
— கணக்காளர், நியூ ஜெர்சி

பதில்: அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனமா என்று முதலில் பாருங்கள். அத்தகைய நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990 பொதுமக்கள் பார்வைக்கு உரியது. ஆனால் ஆண்டு வருமானம் 50,000 டாலருக்கு மேற்படாத சிறு இல்லங்கள் சுருக்கமான மின்னஞ்சலட்டை வடிவப் படிவத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்பதால், அவற்றின் செலவுக் கணக்கு அதில் தெரியாது. அங்கே நேரில் போங்கள். எத்தனை குதிரைகள் வந்தன, எத்தனை புது வீடு சேர்ந்தன, எத்தனை இறந்தன, இடம் நிரம்பியபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். "இடமில்லை" என்று சொல்லத் தெரியாத இல்லமே, நாளடைவில் தன் குதிரைகளைப் பட்டினி போடும் இல்லமாக மாறுகிறது.

வரிக் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நுழைவுக் கட்டணம் 100 டாலர், அதற்கு ஈடாகக் கிடைத்த உணவும் சட்டையும் 30 டாலர் பெறும் என்றால், நன்கொடையாகக் கணக்கிடக்கூடியது 70 மட்டுமே. இவ்வாறு ஈடு பெற்றுக்கொண்டு ஒருவர் செலுத்தும் மொத்தத் தொகை 75 டாலரைத் தாண்டினால் நிறுவனமே அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்கள் ஒப்புகைக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். குலுக்கல் சீட்டு வாங்கிய பணம் நன்கொடை ஆகாது; குலுக்கலுக்கு மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம் இருப்பதால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் சவாரிக்குத் தொண்டு நிறுவனத் தகுதி கிடையாது. ஆதலால் காசோலைகள் நேரே இல்லத்தின் பெயருக்கே போகட்டும். ஒருவரது சொந்த வங்கிக் கணக்கில் பணத்தைச் சேர்க்காதீர்கள், அவர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும்.

கேள்வி: எனக்குக் குதிரை என்றாலே அச்சம். ஆனாலும் உதவ விரும்புகிறேன்.
— வாசகர், சான் அன்டோனியோ

பதில்: தாராளமாக வாருங்கள். வண்டிகளை நிறுத்த வழிகாட்டுவது, சாலையைக் கடக்குமிடத்தில் கார்களை நிறுத்திவைப்பது, மருத்துவர் சொல்லும் எண்களை அட்டையில் குறிப்பது, போனவர்கள் அனைவரும் திரும்பிவிட்டார்களா என்று பட்டியலைச் சரிபார்ப்பது ஆகிய எதற்கும் குதிரையைத் தொட வேண்டியதில்லை. கடைசியில் சொன்ன வேலைக்கு மிகவும் கவனமுள்ள ஆள் தேவை.

கேள்வி: பிழைக்க வழியில்லாத கிழட்டுக் குதிரைகளை மீட்டுவந்து, பிறகு மருந்து செலுத்தி உயிரைப் போக்குவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கும் நன்கொடைப் பணம் செலவாகிறதாமே? இது சரியா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: சரி என்றே நான் கருதுகிறேன். இதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்தபோது படைகளோடு வந்த குதிரைகள் பல்லாயிரக்கணக்கில் எகிப்தில் விற்கப்பட்டன. 1930-இல் கெய்ரோவுக்குச் சென்ற டோரத்தி புரூக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, அந்தப் படைக்குதிரைகள் இருபது வயதைக் கடந்தும் கல் சுமந்தும் வண்டியிழுத்தும் தேய்ந்துகொண்டிருப்பதைக் கண்டார். 1931-இல் இலண்டன் 'மார்னிங் போஸ்ட்' நாளிதழுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்து வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை அவர் விலை கொடுத்து வாங்கினார். அவற்றில் பெரும்பாலானவை தேற்ற முடியாத நிலையில் இருந்தன. சில நாள் நல்ல தீவனமும் ஓய்வும் கொடுத்துவிட்டு, வலியின்றி அவற்றின் துன்பத்தை முடித்துவைத்தார். ஏழைகளான உரிமையாளர்களிடம் அவர் இலவசமாகப் பறித்துக்கொள்ளவில்லை. அவர்களின் பிழைப்புக்கு ஈடு கொடுத்தே வாங்கினார். 1934-இல் அவர் கெய்ரோவில் நிறுவிய குதிரை மருத்துவமனையிலிருந்து வளர்ந்த அமைப்பு இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் மருத்துவம் பார்க்கிறது.

வலியோடு நிற்கும் குதிரையை உயிரோடு வைத்திருப்பதையே வெற்றியாகக் காட்டும் இல்லத்தைவிட, அதன் கடைசி நாளை நல்லபடியாக ஆக்கிக் கொடுத்தோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் இல்லத்துக்கே நான் பணம் கொடுப்பேன்.

கேள்வி: உதகையிலும் கொடைக்கானலிலும் குதிரைகள் படும் பாட்டைப் பார்க்கிறோம். இதுபோன்ற சவாரியை இங்கே நடத்த முடியுமா?
— இயற்கை ஆர்வலர்கள், கோயம்புத்தூர்

பதில்: இந்தியாவில் குதிரைகள் வேகமாகக் குறைந்து வருகின்றன. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து 3.4 லட்சமே இருந்தன. 2012-இல் இருந்ததைவிட இது 45.6 விழுக்காடு குறைவு. எஞ்சியவற்றில் மலைவாழிடங்களில் சுற்றுலாப் பயணிகளைச் சுமப்பவையும் அடங்கும். அவை ஏற்கெனவே சவாரியில்தான் பிழைக்கின்றன. அவற்றின் நலனுக்காக இன்னொரு சவாரியை அவற்றின்மேலேயே ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வேறு ஊர்க் குதிரைகளை ஓரிடத்தில் கூட்டுவதற்கும் இங்கே தடை ஒன்று உண்டு. கிளாண்டர்ஸ் என்ற கொடிய தொற்று நம் நாட்டில் இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. அது மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது, அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டியது. ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் அதற்கான பரிசோதனையில் முன்னிற்கிறது. கால்நடைத் துறையின் ஒப்புதலும் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் குதிரைகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள்.

நீங்கள் நடத்த வேண்டியது ஒரு மருத்துவ முகாம். அந்தக் குதிரைகளுக்கு உடனடித் தேவை குளம்புச் சீரமைப்பு, சேணம் உரசிய புண்ணுக்கு மருந்து, டெட்டனஸ் தடுப்பூசி, பல் ராவுதல், முதுகுக்குப் பொருந்தும் மெத்தை ஆகியவை. மாலையில் அவிழ்த்துவிடப்பட்டவை குப்பையோடு பிளாஸ்டிக்கைத் தின்னாமலிருக்க உலர்புல்லும் கொள்ளும் கிடைக்கச் செய்ய வேண்டும். பணம் திரட்ட நீங்களே மலைப்பாதையில் நடைப்பயணம் போகலாமே. உங்கள் கால்கள் போதும். மசினகுடி வட்டாரத்தில் இயங்கும் 'இந்தியா பிராஜெக்ட் ஃபார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர்' அமைப்பு நீலகிரியின் கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் காத்து வருகிறது. அத்தகைய அனுபவமுள்ளவர்களைக் கேட்டுத் திட்டமிடுங்கள்.

சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965-இல் இயற்றிய விதிகளின்படி மட்டக்குதிரையின்மேல் ஏற்றக்கூடிய சுமை 70 கிலோ. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு கொடுக்க வேண்டும். இதைக் குதிரைக்காரர்கள்மேல் புகார் எழுதுவதற்கு மட்டும் பயன்படுத்தினால் அவர்கள் உங்கள் முகாமுக்குக் குதிரையைக் கொண்டுவர மாட்டார்கள். ஏப்ரல், மே மாதச் சீசனில்தான் அவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி வருமானம் கிடைக்கிறது. அப்போது போய் ஒரு நாள் குதிரையை நிறுத்து என்று சொன்னால் கேட்க முடியாது. கூட்டம் குறைந்த மாதத்தில், வார நாளில் முகாமை வையுங்கள். அன்றைய கூலியை முன்கூட்டியே பேசி, குதிரையோடு வருபவரின் கையில் கொடுங்கள். லாடக்காரர் அடுத்த எட்டாவது வாரம் மீண்டும் வருவதற்கான பணத்தையும் முதல் முகாமின்போதே எடுத்துவைத்துவிடுங்கள்.